புற்றுநோய் மறைந்திருக்க, நரம்பு தளரும்போது
ஆண்டுக்கணக்காக வரப்பில் தடுமாறாமல் நடந்து நாற்று நட்ட பெண் ஒருவர், சில வாரங்களுக்குள் கால் நிலைகொள்ளாமல் சேற்றில் சரிந்து, பேச்சும் குழறத் தொடங்கினால், அதை வயதின் தளர்ச்சி என்று ஒதுக்கிவிடாமல், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற நரம்பியல் பிரிவுள்ள இடத்துக்கு உடனே அழைத்துச் செல்ல வேண்டும். உடலில் மறைந்திருக்கும் புற்றுநோய்க் கட்டியும் இதற்குக் காரணமாகலாம்; அந்தக் கட்டியை எதிர்க்க எழும் நோய் எதிர்ப்பாற்றல் நரம்பணுக்களையும் தாக்கக்கூடும். பெரும்பாலும் கட்டி வெளிப்படும் முன்பே இது நேர்கிறது.

எம்.ஆர்.ஐ. உள்ளிட்ட சோதனைகளால் பக்கவாதம், தொற்று, வைட்டமின் குறைபாடு ஆகியவற்றை விலக்கிய பின், இரத்தத்திலும் தண்டுவட நீரிலும் இத்தாக்குதலைக் காட்டும் எதிர்ப்பொருள்களைத் (ஆன்டிபாடிகளைத்) தேட வேண்டும். ஆன்டி-யோ என்ற எதிர்ப்பொருள் கிடைத்தால் சினைப்பையையும் மார்பகத்தையும், ஆன்டி-ஹூ என்பது கிடைத்தால் முதலில் நுரையீரலையும் ஆராய வேண்டும். சி.டி.யில் ஒன்றும் தெரியாவிட்டால் கட்டியின் செயல்பாட்டையும் காட்டும் பெட்-சி.டி. ஸ்கேன் தேவை. அதிலும் தெரியாவிட்டால், இத்தகைய எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு 4 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை, 2 ஆண்டுகள் வரை தேடலைத் தொடர வேண்டும். அறுவடை முடியட்டும் என்று இதைத் தள்ளிப்போடுவதே எனக்குப் பெரிதும் கவலை தருகிறது.

கட்டியை அகற்றுவதோ கட்டுப்படுத்துவதோதான் சிகிச்சையின் அடிப்படை. அதனுடன் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாட்கள் சிரை (இரத்தக்குழாய்) வழியாகவும், தேவைப்பட்டால் கொடையாளர் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்களான இம்யூனோகுளோபுலினும் மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும். நடையையும் பேச்சையும் சீராக்கும் சிறுமூளையில் அழிந்த அணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை; ஆனால் சினைப்பைக் கட்டியால் என்.எம்.டி.ஏ. மூளையழற்சி (எதிர்ப்பொருள்கள் மூளையைத் தாக்கும் நோய்) கண்ட இளம்பெண்களில் பலர், கட்டியை அகற்றிய பின் நன்றாகத் தேறுகிறார்கள்.