சென்னை–சிங்கப்பூர் டிக்கெட்: நேரத்தில் கோட்டை விடும் இடங்கள்

டிராவல்ஸ் தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள், நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த கூத்தையெல்லாம் ஒன்று விடாமல் அடிக்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயரைச் சரிபார் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன்.

கிலோமீட்டரை வேகத்தால் வகுப்பது

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஆகாயத் தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போகும் என்று கணக்குப் போட்டு, "மூன்றரை மணி நேரம் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். டிக்கெட்டிலோ நாலு, நாலேகால் மணி நேரம் இருக்கும். விமானம் இங்கே நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரைக்குமான நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்க முறை வரும்வரை சுற்றுவதும் அதில் அடக்கம்.

தூரம் ஒன்று என்பதால் போக வர நேரமும் ஒன்றாகிவிடாது. டெல்லியிலிருந்து டோக்கியோ போவதைவிடத் திரும்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகப் பிடிக்கும்; மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்றை எதிர்த்து வர வேண்டுமே.

இரண்டு கடிகாரத்தை ஒன்றாக நினைப்பது

சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. அவ்வளவுதான்.

நள்ளிரவு தாண்டிய விமானம்

இதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம். "சனிக்கிழமை கிளம்பணும்" என்றார்கள். எங்கள் பையன் விலை குறைவாக இருந்ததைப் பார்த்து, சனிக்கிழமை 00:40 விமானத்தில் போட்டுவிட்டான். தேதி சனிக்கிழமைதான், பொய்யில்லை. ஆனால் ஏர்போர்ட்டில் அவர்கள் இருந்திருக்க வேண்டியது வெள்ளிக்கிழமை ராத்திரி. சனிக்கிழமை இரவு வாடகைக் கார் பிடித்து, பெட்டியும் பிள்ளைகளுமாக வந்து நின்றார்கள். வாசலில் டிக்கெட் பார்க்கும் காவலரே உள்ளே விடவில்லை. விமானம் முந்தின ராத்திரியே போய்விட்டது.

போனது ஒரு டிக்கெட் என்றால்கூடப் பரவாயில்லை. ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், போகும் பயணத்துக்கு வராமல் போனால், திரும்பும் பயணத்தையும் விமான நிறுவனங்கள் பொதுவாக ரத்து செய்துவிடும். ஆக, கடைசி நேர விலையில் போக வர இரண்டுக்கும் மறுபடி பணம். "டிக்கெட்டில் தெளிவாகத்தானே அண்ணே போட்டிருக்கு" என்கிறான் பையன்! தெளிவாகப் போட்டிருப்பதைப் படித்துச் சொல்லத்தானே நம்மிடம் வருகிறார்கள்?

அன்றிலிருந்து எங்கள் கடையில் டிக்கெட்டோடு ஒரு வரி வாட்ஸ்அப்பில் போகும்: "வெள்ளி இரவு 9:30-க்கு ஏர்போர்ட்டில் இருங்கள், சனி காலை ஏழரை வாக்கில் சிங்கப்பூரில் இறங்குவீர்கள்." புறப்படும் தேதியைச் சொல்லாதீர்கள், வீட்டைவிட்டுக் கிளம்பும் ராத்திரியைச் சொல்லுங்கள்.

திரும்பும்போது இதே வில்லங்கம் வேறு மாதிரி வரும். ஞாயிறு இரவு 11 மணிக்குச் சாங்கியில் ஏறினால், சென்னையில் இறங்கும்போது திங்கள் பிறந்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அழைத்துப்போகக் கார் சொல்பவர்கள் "ஞாயிறு பன்னிரண்டே முக்கால்" என்று சொல்லிவைத்தால், டிரைவர் ஒரு நாள் முன்னாடியே வந்து நின்று போன் அடிப்பார்.

கோலாலம்பூர் வழியாகத் தனித்தனி டிக்கெட்

இரண்டு விமானங்களுக்கும் நடுவே இடைவெளி குறைவென்றால் வேண்டாம். அங்கே இரண்டு டெர்மினல்கள். மாறிப் போக ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும்.

வருகை அட்டை

சிங்கப்பூருக்குள் நுழைய இந்த அட்டையை, இறங்குவதற்கு முன்பே, இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அந்த நாளைச் சிங்கப்பூர்த் தேதிப்படி எண்ணுங்கள்.