தங்கத் தகட்டிலிருந்து சிவப்பு நீர்: லேசரால் நானோ துகள் எடுக்கும் முறை

தங்க உப்பைக் கரைத்து, சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) சேர்த்துக் கொதிக்க வைத்தால் தங்க நானோ துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தங்கத் துகள், கிடைக்கும். ஆனால் துகளின் மேல் சிட்ரேட் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் தங்கமும் தண்ணீரும் லேசரும் போதும் என்கிற வழியும் இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

முதலில் கண். இங்கே பயன்படுத்தும் லேசரின் 800 நானோமீட்டர் அலைநீள ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் விழித்திரையைச் சுட்டுவிடும். அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். லேசர் பயிற்சி உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

சரி, தங்கத் தகட்டை எத்தனாலிலும் நீரிலும் கழுவி பீக்கரின் அடியில் வையுங்கள். அது மூழ்கி, மேலே சில மில்லிமீட்டர் நிற்கும் அளவுக்கு அயனி நீக்கிய நீரை ஊற்றுங்கள்.

அடுத்தது குவியம், அதாவது லென்ஸ் லேசர் ஒளியைக் குவிக்கும் புள்ளி. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். நீர் ஒளியை வளைப்பதால் குவியம் கீழே தள்ளிப் போகும். நீரின் உயரத்தில் சுமார் கால் பங்கு என்று கணக்கு வையுங்கள்: 8 மி.மீ. நீர் என்றால் 2 மி.மீ. தள்ளும். குவியம் நீருக்குள்ளேயே விழுந்தால் நீர்தான் அயனியாகும் (எலக்ட்ரானை இழக்கும்), ஆற்றல் தங்கத்துக்குப் போய்ச் சேராது. தகட்டுக்கு மேலே நீருக்குள் வெள்ளை ஒளி தெரிந்தால் இதுதான் காரணம். லென்ஸைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள்.

இனி லேசர் துடிப்புகளை, அதாவது மிகக் குறுகிய ஒளி வெட்டுகளை, விடலாம். ஒரு துடிப்பு 100 ஃபெம்டோ நொடிதான். அதன் ஆற்றலை முதலில் தங்கத்தின் எலக்ட்ரான்கள் வாங்கிக்கொள்கின்றன. அணுக்களுக்கு அந்தச் சூடு போய்ச் சேரப் பல பிகோ நொடிகள் (ஒரு பிகோ நொடி 1,000 ஃபெம்டோ நொடி) ஆகும். அதற்குள் துடிப்பு முடிந்துவிடும்! துடிப்பு இன்னும் நீளமான நானோ நொடி லேசரில் இப்படி இல்லை. தகட்டிலிருந்து கிளம்பும் பிளாஸ்மாவே (அயனியான சூடான வாயு) துடிப்பின் பிற்பகுதியை விழுங்கிவிடும். இங்கே மெல்லிய மேலடுக்கு மட்டும் மிகையாகச் சூடேறி வெடித்துக் கிளம்புகிறது. அதைச் சுற்றி ஒரு நீராவிக் குமிழி உண்டாகும். கிளம்பிய தங்கம் குளிர்ந்து துகள்களாகத் திரள்வது பெரும்பாலும் அதற்குள்தான். குமிழி உடைந்ததும் துகள்கள் நீரில் பரவும்.

தகட்டை நகர்த்திக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் சுட்டால் குழி ஆழமாகும், மேலே மிதக்கும் துகள்கள் அடுத்த துடிப்பை மறைக்கும்.

அப்புறம் நீர் மெல்ல இளஞ்சிவப்பாகும். நிறமாலைமானியில் (எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் கருவி) 520 நானோமீட்டர் அருகே உச்சம் தெரிந்தால் தங்கத் துகள் வந்துவிட்டது. நீலமாகவோ ஊதாவாகவோ மாறினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. அடுத்த முறை சுடுவதற்கு முன்பே நீரில் மிக மிகக் கொஞ்சம் சோடியம் குளோரைடு சேருங்கள். துகள்கள் பிரிந்தே நிற்கும். அளவு கூடினால் அதே உப்பு அவற்றை ஒட்டவைத்துவிடும்.