டவுன்லோட் ஃபோல்டர்ல குவிஞ்சு கிடக்குற தமிழ் ஈபுக்கை அடுக்கி வைக்கிறது எப்படி

போன பொங்கல் லீவுல ஒரு நாவலை டவுன்லோட் பண்ணி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன், எழுபது பக்கம் தாண்டினப்புறம் தான் உறைச்சுது, இதை ஏற்கனவே படிச்சாச்சுன்னு. தேடிப் பாத்தா அதே புத்தகம் ஹார்ட் டிஸ்க்ல மூணு இடத்துல கிடக்கு, ஒண்ணு தமிழ்ப் பேர்ல, ஒண்ணு தங்கிலீஷ்ல, இன்னொண்ணு வெறும் நம்பர்ல. பழைய தமிழ் நூல்களை இலவசமா குடுக்குற மதுரைத் திட்டம் தளத்துல எடுத்த ஃபைல் எல்லாம் பிஎம்யூனின்னு ஆரம்பிச்சு நாலு நம்பரோட முடியும்ல, அதுல ஒண்ணு. அன்னிக்கு ஆரம்பிச்ச வேலை இது. நான் பண்ணின தப்பெல்லாம் நீங்க பண்ண வேணாம்னு எழுதுறேன்.

ஈபுக்கை அடுக்க சாஃப்ட்வேர் காலிபர் (Calibre) தான், வேற யோசிக்கவே வேணாம். இலவசம், விண்டோஸ் லினக்ஸ் மேக் எல்லாத்துலயும் ஓடும், நம்மூர்க்காரர் கோவித் கோயல் 2006ல ஆரம்பிச்சது. இன்ஸ்டால் பண்ணி முதல் தடவை திறக்கும்போது லைப்ரரி எங்க வைக்கணும்னு கேக்கும், புதுசா ஒரு காலி ஃபோல்டர் குடுங்க. புத்தகத்தை உள்ள போட்டதும் அது ஒரு காப்பி எடுத்து தன் இஷ்டத்துக்கு ஃபோல்டர் போட்டு வச்சுக்கும், தமிழ்ப் பேரை எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா மாத்தி கன்னாபின்னான்னு இருக்கும், பாத்து பதறாதீங்க. அந்த ஃபோல்டருக்குள்ள நீங்களா போய் பேர் மாத்துறது, ஃபைலை நகர்த்துறது எதுவும் கூடாது. எல்லாமே காலிபர் வழியா தான்.

அடுத்து எல்லாரும் பண்ற தப்பு, இருக்குற ஆயிரத்து சொச்சம் ஃபைலையும் ஒரே இழுப்புல உள்ள தள்ளுறது. நானும் தள்ளினேன், ரெண்டு நாள்ல வெறுத்துப்போய் மூடிட்டேன். இந்த மாசம் படிக்கப் போற இருபது புத்தகத்தை மட்டும் முதல்ல போடுங்க, மிச்சம் மெதுவா வரட்டும்.

இப்ப முக்கியமான விஷயம், பேரு. தமிழ்ப் புத்தகத்தை அடுக்குறதுல முக்கால்வாசி தலைவலி எழுத்தாளர் பேர்ல தான். ஒரே ஆளு ஒரு ஃபைல்ல கல்கி, இன்னொண்ணுல அமரர் கல்கி, இன்னொண்ணுல ரா.கிருஷ்ணமூர்த்தி, காலிபருக்கு அவங்க மூணு பேரு. இடது பக்கம் ஆத்தர் லிஸ்ட்ல தப்பான பேரை ரைட் கிளிக் பண்ணி ரீநேம் குடுத்து சரியான பேரை அடிச்சா ரெண்டும் ஒண்ணா சேந்துடும். எந்தப் பேரை வைக்கிறதுன்னு குழப்பமா இருந்தா, புத்தக அட்டையில பெருசா எந்தப் பேரு இருக்கோ அதையே வைங்க, இயற்பேரைத் தேடிப் போனா முடிவே இல்ல.

இனிஷியல்ல ஒரு சூட்சுமம் இருக்கு, இது புரிய எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. காலிபர் வெள்ளைக்காரன் வழக்கப்படி கடைசி வார்த்தையை முன்னாடி தூக்கிப் போட்டு அகரவரிசைல அடுக்கும். கு. அழகிரிசாமின்னு புள்ளிக்கு அப்புறம் இடம் விட்டு அடிச்சா "அழகிரிசாமி, கு." ன்னு அ வரிசைல வந்துடும், நமக்கு வேண்டியதும் அதான். இடம் விடாம கு.அழகிரிசாமின்னு ஒட்டி அடிச்சீங்கன்னா அதை ஒரே வார்த்தைன்னு நினைச்சு கு வரிசைல போட்டுரும். அதனால இனிஷியல், புள்ளி, ஒரு ஸ்பேஸ், பேரு, இந்த முறையை எழுதி ஒட்டி வச்சுக்கோங்க. ஆனா இதே வித்தை ராஜம் கிருஷ்ணன் மாதிரி பேர்ல வேலைக்கு ஆகாது, "கிருஷ்ணன், ராஜம்"னு திருப்பி அந்தம்மாவை அவங்க வீட்டுக்காரர் பேர்ல கொண்டுபோய் உக்கார வச்சுரும். அந்த மாதிரி பேரை மட்டும் மேனேஜ் ஆத்தர்ஸ்ல போய் ஆத்தர் சார்ட் (author sort) கட்டத்துல கையால திருத்துங்க, என்கிட்ட மொத்தமே முப்பது முப்பத்தஞ்சு பேர் தான் வந்துச்சு. ரெண்டு பேர் சேந்து எழுதின புத்தகம்னா நடுவுல கமா போடாதீங்க, ஆம்பர்சண்ட் (&) போடுங்க.

இன்னொரு பூச்சி, ஸ்ரீ. இந்த எழுத்தை யூனிகோட்ல ரெண்டு விதமா அடிக்கலாம், ஸ வச்சும் வரும், ஶ வச்சும் வரும். ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒண்ணு போலவே தெரியும், தேடினா ஒண்ணுக்கு இன்னொண்ணு மாட்டாது. ஸ்ரீரங்கம்னு தேடி வரலைன்னா புத்தகம் காணாமப் போகல, கீபோர்டு வேற, அவ்ளோதான். ஒரு தடவை சரியா அடிச்சதை காப்பி பண்ணி எல்லாத்துக்கும் ஒட்டிடுங்க.

ஃபார்மட்டுக்கு வருவோம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்துல ஒரே புத்தகம் ஈபப், மோபின்னு ரெண்டு ஈபுக் ஃபைல், அப்புறம் ஏ4 பிடிஎஃப், ஆறு இன்ச் பிடிஎஃப்னு நாலா கிடைக்கும். காலிபர்ல ஒரு புத்தகத்துக்கு ஒரு ஃபார்மட்ல ஒரு ஃபைல் தான் வைக்க முடியும், ரெண்டு பிடிஎஃப்பையும் ஒரே பதிவுல போட்டா ஒண்ணு போயிரும். ஈபப் இருந்தா ஈபப் மட்டும் போதும், கிண்டிலுக்கு அனுப்புறதுக்கும் இப்ப ஈபப்பே ஓடுது. பழைய பிடிஎஃப்ல டிஸ்கி, பாமினி மாதிரி யூனிகோட் அல்லாத பழைய ஃபாண்ட் இருந்தா உள்ள இருக்குற எழுத்தை காப்பி பண்ணினா குப்பையா வரும், அதை ஈபப்பா மாத்த முயற்சி பண்ணி ராத்திரி முழிக்காதீங்க, பிடிஎஃப்பாவே இருக்கட்டும், தலைப்பும் பேரும் மட்டும் சரியா போடுங்க. ஸ்கேன் பண்ணின புத்தகமும் அப்படித்தான், தமிழ் டிஜிட்டல் லைப்ரரில, நூலகம் தளத்துல கிடைக்கிற பழைய பதிப்பு நெறைய ஸ்கேன் தான்.

பல பாகம் இருக்குற புத்தகத்துக்கு சீரிஸ் கட்டம் இருக்கு, பொன்னியின் செல்வன்னு சீரிஸ் பேரு போட்டு 1லேந்து 5 வரைக்கும் நம்பர் குடுத்தா அஞ்சு பாகமும் வரிசையா நிக்கும். டேக், அதாவது புத்தகத்துக்கு ஒட்டுற வகைப் பேரு, அதுல கஞ்சத்தனமா இருங்க, நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை, வரலாறு, சங்கம் இதுக்கு மேல எனக்குத் தேவைப்படல. "மழைக்காலத்துல படிக்க"ன்னெல்லாம் ஒரு காலத்துல டேக் போட்டேன், சிரிக்காதீங்க.

எது படிச்சாச்சு எது பாக்கின்னு கணக்கு வைக்க கஸ்டம் காலம் (column), அதாவது லிஸ்ட்ல நாமளா சேக்குற கட்டம், போடணும். ப்ரிஃபரன்சஸ்ல ஆட் யுவர் ஓன் காலம்ஸ்னு இருக்கும். நான் மூணு தான் வச்சிருக்கேன். முதல் காலம் நிலைமை, இதை ஃபிக்ஸ்டு வேல்யூ வகைல போட்டு படிக்கணும், படிக்கிறேன், முடிச்சாச்சு, வேணாம்னு நாலு மட்டும் குடுங்க, இல்லாட்டி ஒரு நாள் முடிச்சாச்சு இன்னொரு நாள் படிச்சாச்சுன்னு அடிச்சு நாமளே குழப்பிடுவோம். ரெண்டாவது முடிச்ச தேதி. மூணாவது எங்கேந்து வந்துச்சுன்னு. லுக்கப் நேம்னு ஒண்ணு கேக்கும், காலிபர் உள்ளுக்குள்ள அந்தக் கட்டத்தை அடையாளம் வச்சுக்குற பேரு, அது மட்டும் இங்கிலீஷ் சின்ன எழுத்துல இருக்கணும், மேல தெரியுற தலைப்பு தமிழ்லயே இருக்கலாம். ஸ்டார் ரேட்டிங் எல்லாம் நான் தொடறதில்ல, மூணா நாலான்னு யோசிக்கிற நேரத்துல பத்து பக்கம் படிச்சுரலாம்.

கிண்டில்ல காசு குடுத்து வாங்கினது, வீட்டு அலமாரில இருக்குற காகிதப் புத்தகம், இதையும் லிஸ்ட்ல சேக்கணும்னா ஆட் எம்ப்டி புக் குடுத்தா போதும், ஃபைல் இல்லாமலே ஒரு பதிவு விழும். கிண்டில்ல வாங்கினதை கம்ப்யூட்டருக்கு இறக்கி யூஎஸ்பி வழியா ஏத்துற வசதியை அமேசான் 2025 பிப்ரவரியோட எடுத்துட்டாங்க, அதனால அதுக்கெல்லாம் இந்த காலி பதிவு தான் வழி.

பேக்கப், சுருக்கமா சொல்றேன். காலிபரை மூடிட்டு மொத்த லைப்ரரி ஃபோல்டரையும் அப்படியே பென்டிரைவ்ல காப்பி பண்ணுங்க, மாசம் ஒரு தடவை. என் பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒரு நாள் டிக் டிக்னு சத்தம் போட்டு படுத்துக்கிச்சு, புத்தகத்தை திரும்ப இறக்கிக்கலாம், அதுவரைக்கும் குறிச்சு வச்ச தேதியெல்லாம் போனது போனது தான்.

கடைசியா, பிடிக்காத புத்தகத்தை அடியோட டெலீட் பண்ணாதீங்க. ரிமூவ் புக்ஸ் மெனுல ஃபார்மட்டை மட்டும் எடுக்குற ஆப்ஷன் இருக்கு, ஃபைல் போயிரும், பேரும் "வேணாம்"ங்கற குறிப்பும் நிக்கும். இல்லாட்டி அடுத்த பொங்கலுக்கு மறுபடி அதையே இறக்கி வச்சுட்டு உக்காந்திருப்போம்.