காபிக்கொட்டை வாங்கும்போது ஊரையும் பாருங்கள்

எத்தியோப்பியக் காபி பாக்கெட்டில் 'ஹெய்ர்லூம்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஒரே ரகம் அல்ல. அந்த வட்டாரத்தில் காலங்காலமாக வளரும் பல நாட்டு ரகங்களின் கலவை. அதனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பி வாங்காமல், எந்த ஊர், எவ்வளவு உயரம், எப்படிப் பதப்படுத்தியது என்று பாருங்கள்.

மலை ஏற ஏறக் குளிர் கூடும். பழம் நிதானமாகப் பழுக்கும், கொட்டை கெட்டிப்படும், பளிச்சென்ற புளிப்பு வரும். தெற்கு எத்தியோப்பியாவில் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் யிர்காசெஃபேயில், பழத்தோலை நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய கொட்டையின் தூள் மீது வெந்நீர் ஊற்றியதுமே மல்லிகை மணக்கும். வாயில் எலுமிச்சை தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கிழக்கே ஹராரில் பழத்தோடு அப்படியே வெயிலில் காயவைக்கிறார்கள், அதனால் பெர்ரியும் ஒயினும் கலந்தாற்போன்ற சுவை.

இரண்டையும் இளம் வறுவலாக வாங்குங்கள். கருக வறுத்தால் ஊர் வித்தியாசமே தெரியாது. 15 கிராம் தூளுக்கு 250 மில்லி வெந்நீர். பால், சர்க்கரை வேண்டாம். அடுத்தடுத்து வைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் மறுபடி குடித்துப் பாருங்கள். சுவை அப்போதுதான் தெளிவாகப் பிரியும்.