வளைவுத் திரைகளின் ஒளிர்வை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளைவுத் திரையின் முன் ஒளிர்வுமானியை நிறுத்துபவர் பெரும்பாலும் தட்டைத் திரையில் பழகிய கையோடுதான் வருகிறார். திரையின் மையத்தில் அந்தப் பழக்கத்தால் கெடுதல் எதுவும் இல்லை. ஓரத்துக்குப் போகும்போதுதான் எண்கள் பிசகத் தொடங்குகின்றன. ஒளிர்வு என்பது ஒரு பரப்பு குறிப்பிட்ட ஒரு திசையில் வெளிவிடும் ஒளியைக் குறிக்கும் அளவு. சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டிலா, அதாவது இத்தனை நிட், என்று அதைச் சொல்கிறோம். ஆகவே எந்தத் திசையிலிருந்து அளந்தோம் என்பதை விட்டுவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

மானியைத் திரைக்கு இணையாக இடமும் வலமும் நகர்த்தி அளப்பதுதான் முதல் தவறு. 49 அங்குல, 32:9 விகிதத் திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அகலம் ஏறத்தாழ 1.2 மீட்டர். அது 1000ஆர் வகையாக இருந்தால் வளைவின் ஆரம் 1000 மில்லிமீட்டர். எனவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பரப்பு மொத்தம் 69 பாகை திரும்புகிறது, ஒவ்வொரு ஓரமும் மையத்தை விட 34 பாகை சாய்ந்து நிற்கிறது. மானியை இணையாக நகர்த்தினால், மையத்தை நேராகவும் ஓரத்தை 34 பாகைச் சாய்விலும் அளக்கிறோம். வளைவு மானிட்டர்களில் பரவலாக உள்ள விஏ வகை எல்சிடி பலகங்களில் சாய்வு கூடக் கூட ஒளிர்வும் மாறும் என்பதால், ஓரம் மங்கல் என்ற முடிவுக்கு வந்து பழியைப் பின்னொளியின் மேல் போட்டுவிடுகிறோம்.

மானியை வளைவின் மையத்தில், அதாவது 1000ஆர் திரைக்குச் சரியாக 1 மீட்டர் தொலைவில் நிறுத்தி, அதன் லென்ஸின் முகப்பை ஒட்டிய அச்சில் தலையை மட்டும் திருப்பினால், ஒவ்வொரு புள்ளியும் அதற்குச் செங்குத்தாகவே அமையும். பலகத்தின் சீர்மையை அறிய இதுவே நேர்மையான முறை. ஆனால் பார்ப்பவர் பெரும்பாலும் அங்கே உட்காருவதில்லை. 70 சென்டிமீட்டர் தொலைவில் நடுவே அமர்பவருக்கு இத்திரையின் ஓரம் ஏறத்தாழ 13 பாகைச் சாய்வில் தெரிகிறது. அதே அகலமுள்ள தட்டைத் திரையின் ஓரமோ 41 பாகைச் சாய்வில் தெரியும். இணையாக நகர்த்தும் முறை, தட்டைத் திரையின் ஓரத்தைச் செங்குத்தாகவும் வளைவுத் திரையின் ஓரத்தை 34 பாகையிலும் அளந்து, வளைவின் நன்மையையே அதன் குறையாகக் காட்டிவிடுகிறது. இரு வகைத் திரைகளையும் ஒப்பிடும்போது இதைவிடப் பெரிய அநீதி வேறில்லை.

திரையில் ஒட்டவைத்து அளக்கும் சிறு கருவிகள் வளைவில் சரியாகப் பதியாது என்ற அச்சம், என் கணிப்பில், சற்று மிகையானது. 60 மில்லிமீட்டர் அகலக் கருவியை 1000ஆர் திரையில் வைத்தால் நடுவில் விழும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அறையின் விளக்கை அணைத்துவிட்டால் அந்த இடைவெளி வழியே வரும் ஒளியும் பொருட்டல்ல. கருவி அந்தந்த இடத்துச் சாய்வுக்கு ஏற்பத் தானே படிந்துகொள்வதால், கோணப் பிழையும் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

கைப்பேசியின் வளைந்த விளிம்பு போன்ற சிறிய ஆரங்களில்தான் சிக்கல் உண்மையிலேயே பெரிது. 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள பரப்பில் 10 மில்லிமீட்டர் அகல வட்டத்தை அளந்தால், அதன் இரு முனைகளும் முப்பது முப்பது பாகை விலகி நிற்கும். கிடைப்பது பல திசைகளின் கலவை. அளவு வட்டத்தைச் சுருக்க வேண்டும். ஆனால் அதற்குள் 500 படப்புள்ளிகளாவது இருக்க வேண்டும் என்ற நடைமுறை விதியையும் காக்க வேண்டியிருப்பதால், எவ்வளவு சுருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு.

உட்குழிந்த திரை தன் மேல் தானே ஒளி வீசிக்கொள்ளும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டங்களைக் காட்டும்போது, ஒரு சிறகின் வெள்ளை மறுசிறகின் கறுப்பில் விழுந்து தெறிக்கிறது. முழுத்திரைக் கறுப்பை மட்டும் அளந்தால் இது தெரியவே தெரியாது. அதோடு மானியின் லென்ஸுக்குள் சிதறும் ஒளியும் கறுப்பின் எண்ணை உயர்த்தும். கறுப்புக் கட்டத்தின் அளவிலேயே பளபளப்பில்லாத கறுப்பு அட்டையை வெட்டி அதன் மேல் வைத்து அளந்தால், அந்தச் சிதறலின் அளவு ஏறத்தாழ தெரிந்துவிடும், அதைக் கழித்துக்கொள்ளலாம்.

குழல், உருண்டை போன்ற வளைந்த விளக்குகளில் வேறு வகைப் பிழைகள் வருகின்றன. பார்வைக் கோணம் 1 பாகையாக உள்ள மானி 1 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் வட்டத்தைப் பார்க்கிறது. டி5 குழல்விளக்கின் விட்டமோ 16 மில்லிமீட்டர்தான். வட்டம் விளக்கைத் தாண்டி இருண்ட பின்புலத்தையும் சேர்த்துக்கொள்வதால் எண் குறைகிறது. உருண்டை விளக்கில், ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியைக் குறிக்கும் லக்ஸ் அளவிலிருந்து கேண்டிலாவைக் கணக்கிடுபவர்கள் தொலைவைக் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து எடுக்கிறார்கள். எல்லாப் பக்கமும் சீராக ஒளிரும் கோளத்துக்கு, ஒளி தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்ற விதி அதன் மையத்திலிருந்துதான் பொருந்தும். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருண்டையின் பரப்பிலிருந்து 50 சென்டிமீட்டரில் லக்ஸ்மானியை வைத்துவிட்டு 60க்குப் பதிலாக 50 என்று கணக்கிட்டால், விடை ஏறத்தாழ 31 சதவீதம் குறைந்துவிடும். நீண்ட குழல்விளக்கின் அருகிலோ அந்த விதியே செல்லாது. அங்கே ஒளி தொலைவுக்கு நேரடி எதிர்விகிதத்தில்தான் குறைகிறது.

நேரம் சார்ந்த கவனங்கள் தட்டைத் திரைக்கும் பொதுவானவை: திரையும் விளக்கும் சூடேறி நிலைபெறக் காத்திருப்பது, மினுக்கத்தின் முழுச் சுழற்சிகள் அடங்கும்படி அளவு நேரத்தை அமைப்பது, ஓஎல்இடி திரையில் வெள்ளைப் பகுதியின் பரப்பைக் குறித்துக்கொள்வது. ஒளியின் நிறத்தைப் பொறுத்து மானி பிசகும் நிறமாலைப் பிழை அவற்றைவிட வஞ்சகமானது. ஒளிர்வுமானிகள் வழக்கமாக 2856 கெல்வின் இழைவிளக்கைக் கொண்டு தரப்படுத்தப்படுகின்றன. 450 நானோமீட்டர் நீலத்துக்குக் கண்ணின் உணர்திறன் உச்சத்தில் 4 சதவீதத்துக்கும் குறைவு என்பதால், மானியின் வடிகட்டி அங்கே சிறிது பிசகினாலும், வெள்ளையில் சரியாகக் காட்டும் அதே கருவி தனி நீலத்தில் பெரிதும் தவறிவிடும். ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி ஒன்றால் அதே திரையை ஒருமுறை அளந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் திருத்தக் காரணியை எடுத்துக்கொள்வது இதற்கான வழி. அந்த அளவீட்டையும் அதே கோணத்தில், அதே அளவு வட்டத்தில் செய்ய வேண்டும்.