கைவிடப்பட்ட ஹாரர் கேம்களின் கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்துத் தமிழ் ஊர்களில் ஹாரர் கேம்களைப் பற்றி வீடியோ போடும் பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், ஹெட்செட்டில் இரண்டும் கலந்து பேசுகிறவர்கள். வெளிவராமல் போன பாகம், வெட்டப்பட்ட பாத்திரம், பாதியில் நின்ற காட்சி, இவைதான் அவர்களுக்குப் பிடித்த தலைப்புகள். எனக்கும் அவை பிடிக்கும். அதனால்தான் அந்த வீடியோக்களில் ஒரே வகைத் தவறுகள் திரும்பத் திரும்ப வருவது வருத்தமாக இருக்கிறது. எது கைவிடப்பட்டது என்று விரிவாகச் சொல்கிறார்கள். ஏன் கைவிட்டார்கள் என்று கேட்பதே இல்லை.

இதில் பெரிய தவறு, தூக்கிப் போட்டதுதான் சிறந்தது என்று முடிவு கட்டிவிடுவது. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் செய்த ஜாம்பி கேம் 'ரெசிடென்ட் ஈவில் 2' இதற்கு நல்ல உதாரணம். 1998 ஜனவரியில் வெளிவந்த அந்த கேமுக்கு முன் வேறொரு வடிவம் இருந்தது. ரசிகர்கள் அதை 1.5 என்று அழைக்கிறார்கள். அதில், வெளிவந்த கேமின் நாயகி கிளேர் ரெட்ஃபீல்ட் கிடையாது. மோட்டார் சைக்கிள் ஓட்டும் எல்ஸா வாக்கர் என்ற கல்லூரி மாணவிதான் நாயகி. போலீஸ் ஸ்டேஷன் சாதாரண நவீன அலுவலகம் மாதிரி இருந்தது. பாதிக்கு மேல் வேலை முடிந்த நிலையில் கேப்காம் அதை நிறுத்தியது. இயக்குநர் ஹிதேகி காமியா, தயாரிப்பாளர் ஷின்ஜி மிகாமி. தனித்தனியாகப் பார்த்தால் நன்றாக இருந்த பகுதிகள் ஒன்றாகச் சேர்ந்தபோது சலிப்பூட்டின என்பதுதான் அவர்களுடைய கணிப்பு. கதையும் முதல் பாகத்தோடு ஒட்டவில்லை. எழுத்தாளர் நொபோரு சுகிமுரா வந்த பிறகு நாயகி, முதல் பாகத்தின் நாயகன் கிறிஸ்ஸின் தங்கை ஆனாள். போலீஸ் ஸ்டேஷனும் பழைய அருங்காட்சியகக் கட்டடத்துக்கு மாறியது. அந்த உயர்ந்த கூடத்தில் நுழையும்போது நமக்கு வரும் பயமே இந்த மாற்றத்தின் பலன். எல்ஸாவை இழந்துவிட்டோம் என்று வருந்தும் வீடியோவில் இந்தப் பாதி கதை இல்லாவிட்டால் பார்ப்பவருக்குத் தவறான படம்தான் கிடைக்கும்.

எல்ஸா முழுசாக மறைந்துபோகவும் இல்லை. 2019 ரீமேக்கில் கிளேருக்கு எல்ஸாவின் ரைடர் உடை கூடுதல் உடையாக வந்தது. 1.5-இல் நாயகன் லியோனுக்குத் துணையாக நின்ற மார்வின் என்ற போலீஸ்காரர் இறுதி வடிவத்தில் காயம்பட்டுச் சாய்ந்து கிடக்கிறார். யோசனைகள் பெரும்பாலும் சாவதில்லை, இடம் மாறுகின்றன. வெட்டப்பட்டது என்று அறிவிக்கும் முன், அது வேறெங்காவது போய்ச் சேர்ந்ததா என்று தேடிப் பாருங்கள்.

1996-இல் வந்த முதல் 'ரெசிடென்ட் ஈவில்' கேமிலும் இதே கதைதான். நாயகனின் கண் வழியே எல்லாவற்றையும் காட்டும் வடிவம்தான் முதலில் யோசனையில் இருந்தது. பிளேஸ்டேஷனின் சக்தி அதற்குப் போதவில்லை. முன்பே வரைந்து வைத்த பின்னணிகளும், மூலையில் நின்று பார்க்கும் அசையாத கேமராவும் வந்தன. 1992-இல் வந்த 'அலோன் இன் தி டார்க்' தந்த தாக்கத்தையும் மிகாமி பின்னர் ஒப்புக்கொண்டார். நாம் இன்று பாராட்டும் அந்தக் கேமரா, முடியாமல் போன ஒரு யோசனையின் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

அடுத்தது, பல வடிவங்களை ஒன்றாகக் குழப்புவது. 'ரெசிடென்ட் ஈவில் 4' பற்றிய வீடியோக்களில் இது சகஜம். "பழைய வடிவத்தில் லியோனைக் கொக்கி ஏந்திய பேய் உருவமான கொக்கிக்காரன் துரத்துவான், அதுதான் பிறகு டெவில் மே க்ரை ஆனது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு வடிவங்கள். நான்காம் பாகத்துக்காகக் காமியா முதலில் தொடங்கிய வடிவம் சண்டைக்கு முன்னுரிமை தந்து, திகிலை விட்டு விலகிப் போனதால் 2001-இல் 'டெவில் மே க்ரை' என்று தனி கேமாக வந்தது. அதன் பிறகு கறுப்பு மூடுபனி நிறைந்த கோட்டை வடிவம். அதற்கும் பிறகு, 2003-இல் அமெரிக்காவின் இ3 கேம் கண்காட்சியில் காட்டப்பட்ட கொக்கிக்காரன் வடிவம். அதில் லியோனுக்கு மாயத்தோற்றங்கள் வரும். ஒரே இடத்தை நிஜமாகவும் மாயமாகவும் இரண்டு தடவை உருவாக்க வேண்டியிருந்ததால் செலவு கட்டுப்படியாகவில்லை. மிகாமி இயக்கத்தைத் தன் கையில் எடுத்த பிறகே 2005-இல் நாம் விளையாடிய கேம் வந்தது. தோளுக்குப் பின்னால் நின்று குறிவைக்கும் கேமரா கொக்கிக்காரன் வடிவத்திலேயே எட்டிப் பார்த்துவிட்டது. வடிவங்களை வரிசைப்படுத்தினால்தான் இந்த இழை கண்ணில் படும்.

டிஸ்க்கில் கிடக்கும் ஒவ்வொரு ஃபைலையும் வெட்டப்பட்ட திட்டம் என்று சொல்வதும் தவறு. நம் மாவட்டத்தில் பகவதி கோயில் கூத்துமாடங்களில் கம்பன் பாட்டோடு தோல்பாவைக்கூத்து நடக்கிறதே, பெட்டியில் இருக்கிற எல்லாப் பாவைகளும் எல்லா இரவும் திரைக்கு வருவதில்லை. வராத பாவையை வெட்டிவிட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை. கேமிலும் அப்படித்தான்: சோதனைக்கு வைத்த அறை, முந்தைய கேமிலிருந்து அப்படியே வந்த புரோகிராம் கோடு (code), தற்காலிகமாக வைத்த ஒலி எல்லாம் உள்ளே தங்கிவிடும்.

சில நேரம் மறைந்திருப்பது வெட்டப்பட்டதே அல்ல, வேலை செய்துகொண்டிருக்கும். 2014 ஆகஸ்டில், இல்லாத ஒரு ஸ்டுடியோவின் பெயரில் வெளியான 'பி.டி.' என்ற குட்டி ஹாரர் கேமில், டார்ச் கிடைத்த பிறகு லிசா என்ற பேய் நம் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறாள். 2019-இல், கேம்களின் உள்ளே தோண்டிப் பார்க்கும் லான்ஸ் மெக்டொனால்ட் கேமராவை விடுவித்துப் பார்த்தபோது இது தெரிந்தது. முதுகில் ஏதோ இருக்கிற உணர்வை உண்டாக்க அவளை நிஜமாகவே முதுகில் வைத்திருக்கிறார்கள். என்ன அருமையான வேலை! இதையும் நீக்கப்பட்ட காட்சி என்று தலைப்பிட்டால் அந்த உழைப்பை மறைத்துவிடுகிறோம். கூடவே இன்னொன்று: 'பி.டி.' என்பது கோனாமி நிறுவனம் திட்டமிட்ட 'சைலன்ட் ஹில்ஸ்' கேமிலிருந்து அறுத்து எடுத்த பகுதி அல்ல. அறிவிப்புக்காகத் தனியாகச் செய்த முன்னோட்டம். 2015 ஏப்ரலில் அந்த கேம் ரத்தானபோது முன்னோட்டமும் கடையிலிருந்து நீக்கப்பட்டது. முன்னோட்டத்தை வைத்து முழு கேமின் கதையையும் ஊகித்து, அதை உண்மைபோல் சொல்லக் கூடாது.

ரசிகர்கள் ஒட்டுப் போட்ட வடிவத்தை அசல் என்று காட்டுவதிலும் கவனம் வேண்டும். 1.5-இன் ஒரு முற்றுப்பெறாத பதிப்பு 2013-இல் வெளியே கசிந்தது. அதில் இல்லாததை ரசிகர்கள் பிறகு நிரப்பினார்கள். காட்டும் காட்சியில் எது கேப்காம் செய்தது, எது ரசிகர் செய்தது என்று சொல்லிவிடுங்கள்.

நம் பிள்ளைகளில் சிலர் இப்போது சொந்தமாக கேம் செய்யவும் தொடங்கியிருக்கிறார்கள். கரிம்பனையிலிருந்து இறங்கி வந்து சுண்ணாம்பு கேட்கும் யட்சியை விட நமக்கு ஏற்ற பேய் வேறு ஏது? ஆனால் யட்சியின் நடை பிடிக்கவில்லை என்றால் அந்த ஃபைலையே அழித்துவிடுகிறார்கள். பழைய கேம்களைப் புதுப்பித்து 2012-இல் வந்த 'சைலன்ட் ஹில் எச்.டி. கலெக்‌ஷன்' இதன் விலையைக் காட்டியது. கோனாமியிடம் அந்த கேம்களின் இறுதி வடிவத்தின் புரோகிராம் கோடு முழுதாக இல்லை; முடிவடையாத ஒரு கட்டத்தின் கோடிலிருந்து அதைச் செய்ய வேண்டியிருந்தது. இரண்டாம் பாகத்தில் மூடுபனி மெலிந்துபோய், ஏரியின் தண்ணீர் முடிகிற ஓரம்கூட வெளியே தெரிந்தது. 1999-இல் முதல் 'சைலன்ட் ஹில்' தூரத்துக் காட்சிகளை வரைய முடியாத குறையை மூடத்தான் அந்தப் பனியைப் பயன்படுத்தியது. அது எதை மறைக்கிறது என்று தெரியாதவர் கைக்குப் போனால் பனியைச் சற்று விலக்கினாலும் கேம் கெட்டுவிடும்.

ஆகவே யட்சி பிடிக்கவில்லை என்றால் கேமிலிருந்து எடுத்துவிடுங்கள், அழிக்காதீர்கள். அவளைத் தனி ஃபோல்டரில் போட்டு, கூடவே தேதியோடு ஒரு குறிப்பு வையுங்கள்: யார் வேண்டாம் என்றது, எதனால், அந்த இடத்தில் என்ன வந்தது. அதன் ஒரு நகல் வேறொரு ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கட்டும்.