மீட்ட ஆடு வந்து இறங்கியதும் என்ன செய்வது?

எலும்பும் தோலுமாக ஓர் ஆடு வந்து நின்றால், நம் கை முதலில் கஞ்சிப் பானைக்குத்தான் போகும். அதுதான் தப்பு. குமரி மாவட்டத்தில் திருவட்டார் பக்கம் நாங்கள் காப்பகம் தொடங்கிய புதிதில், பட்டினி கிடந்த ஒரு பெட்டை ஆட்டுக்குச் சட்டி நிறையக் கஞ்சி வைத்தோம். மறுநாள் காலையில் இடப்பக்க வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தது. வெறும் வயிற்றில் அரிசி சட்டென்று புளித்து அமிலமாகிவிடும். கால்நடை மருத்துவர் வந்துதான் பிழைக்கவைத்தார்.

முதல் நாள்: தண்ணீர், நிழல், ஒரு கொத்துப் பலா இலை. அவ்வளவு போதும். இலையைத் தரையில் போடாமல் ஆட்டின் முக உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மிதித்த இலையை ஆடு சீண்டாது. அகத்தியும் கிளைரிசிடியா மரத்துத் தழையும் மெல்ல மெல்லச் சேர்க்கலாம். நம்மூரில் கவனிக்க வேண்டியது மரச்சீனி, அதாவது மரவள்ளி. அதன் பச்சை இலையில் சயனைடு நஞ்சு உண்டு, ரப்பர் இலையும் அதே ரகம். அரளி பக்கமே விடாதீர்கள்.

முதல் மாதம்: 30 நாள் தனிக்கொட்டில். ஆட்டுக்கு ஆடு தொற்றும் ஆட்டுக்கொல்லி நோய் உடலில் புகுந்த அன்றே வெளியில் தெரியாது. அதனால் வாளியும் தனி. பழைய ஆடுகளைக் கவனித்துவிட்டு, புதிதைக் கடைசியில் பாருங்கள். ஆனால் ஒற்றை ஆடு கத்திக் கத்தியே ஓய்ந்துபோகும். மற்ற ஆடுகள் கண்ணில் பட வேண்டும், மூக்கு உரசக் கூடாது. அந்தத் தூரத்தில் கட்டிலைப் போல ஒரு பரண் போட்டுக் கொடுங்கள். இங்கே ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ஈரத்தரையில் நின்றால் குளம்பு அழுகும்.

கண்ணைப் பாருங்கள்: கட்டைவிரலால் கீழ் இமையை மெதுவாக இழுங்கள். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் சரி. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வெளுத்திருந்தால், வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு இருக்கலாம். அன்றைய புழுக்கையை ஒரு பையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். கடையில் கேட்டுக் குடற்புழு மருந்து வாங்கி ஊற்ற வேண்டாம். எடைக்கு ஏற்ற அளவு முக்கியம். தடுப்பூசியும் உடம்பு தேறிய பிறகு மருத்துவர் சொல்லும் நாளில்.

கூட்டத்தில் சேர்ப்பது: முதலில் வேலிக்கு இரண்டு பக்கமும் ஒரு வாரம். அப்புறம் திறந்துவிட்டால் முட்டிக்கொள்ளும். பயப்படாதீர்கள், யார் பெரியவர் என்று பேசி முடிக்கிறார்கள். ரத்தம் வந்தாலோ, ஒன்றை மற்றவை தின்னவே விடாவிட்டாலோ மட்டும் பிரியுங்கள். தீனித் தொட்டி இரண்டு மூன்று இடத்தில் இருந்தால் சண்டை பாதி குறையும்.

பழக்குவது: துரத்திப் பிடித்துத் தடவாதீர்கள். கயிற்றைப் பார்த்தாலே நடுங்கும் ஆடுகள் இவை. தினமும் கால்மணி நேரம், முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருங்கள். எங்கள் பெட்டை பன்னிரண்டாம் நாள் பின்னாலிருந்து வந்து என் துண்டின் நுனியைச் சவைக்கத் தொடங்கியது. பாதித் துண்டு போன பிறகுதான் எழுந்தேன்.